அழுக்குக் கையானாலும் இரும்புக் கை வேணும்!

முதலிலேயே ஒரு டிஸ்கி: நான் எந்தக் கட்சியும் இல்லை. இதைப் படிச்சுட்டு பாதிப் பேர் "இது அந்தப் பக்கத்து ஆளு"ன்னும், மீதிப் பேர் "இல்லல்ல, இந்தப் பக்கத்து ஆளு"ன்னும் சொன்னீங்கன்னா ரொம்ப சந்தோஷம். சரியா நடுவுலதான் நிக்கிறேன்னு அர்த்தம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு தலைவர் மேல் ஊழல் வழக்கு இருக்கிறது. சும்மா மேடைப் புகார் இல்லை, கோர்ட்டு வரை போய் தண்டனையும் வந்த வழக்கு. டிவியில் ராத்திரி பகலா அதைத்தான் காட்டினார்கள். ஓட்டுப் போடுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். அப்படியும் அவர் நின்றால் லட்சக்கணக்கில் ஓட்டு விழுகிறது. ஏன்?

நம்ம கேன்டீன் விவாதங்களில் இதற்கு மூன்று ரெடிமேட் பதில்கள் உண்டு. ஒன்று, மக்கள் முட்டாள்கள். இரண்டு, காசு வாங்கிட்டு ஓட்டுப் போடறாங்க. மூன்று, சினிமா மோகம். மூன்றையுமே நான் ஒத்துக்கொள்வதில்லை. காசு என்றால் எல்லாக் கட்சியும்தான் கொடுக்கிறது, அப்புறம் ஒருத்தர் மட்டும் எப்படி ஜெயிக்கிறார்? சினிமா என்றால் 1991-ல் ஜெயித்த அதே முகம் 1996-ல் ஏன் தோற்றது? முட்டாள்கள் என்றால்... அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் ரோட்ரிகோ டுடெர்டே என்று ஒருவர். 2016-ல் ஜனாதிபதி ஆனார். போதைப்பொருளை ஒழிக்கிறேன் என்று அவர் நடத்திய வேட்டையில், போலீஸ் கணக்குப்படியே 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். 2025 மார்ச்சில் அவரைக் கைது செய்து, நெதர்லாந்தில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். அடுத்த இரண்டே மாதத்தில் அவருடைய சொந்த ஊரான தாவோ நகரத்தில் மேயர் தேர்தல். ஆள் ஜெயிலில் இருக்கிறார், பிரச்சாரத்துக்குக்கூட வர முடியாது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்! அங்கே கோடம்பாக்கம் கிடையாது.

ஆனால் நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்தை வைத்துப் பேசுவதுதான் நல்லது. ஜெயலலிதா.

ஒரு சின்ன டைம் டேபிள்

என் வயசுக்காரர்களுக்கு இதில் பாதி நேரடியாகத் தெரியாது. அதனால் வரிசையாகப் போட்டுவிடுகிறேன்.

1991: அதிமுக-காங்கிரஸ் கூட்டணி 234-ல் 225 இடம். முதல்வர் ஆகிறார். சம்பளம் மாதம் 1 ரூபாய் என்கிறார்.

1995: வளர்ப்பு மகன் கல்யாணம். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கல்யாணம்.

1996: படுதோல்வி. அதிமுகவுக்கு 4 இடம். பர்கூரில் அவரே தோற்கிறார். டிசம்பரில் கலர் டிவி வழக்கில் கைது. ரெய்டில் கிடைத்த நகைகளையும் புடவைகளையும் நாடே டிவியில் பார்க்கிறது.

1998: இரண்டே வருஷம். நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கூட்டணிக்கு 39-ல் 30!

2000: பிப்ரவரியில் கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் தண்டனை. அக்டோபரில் டான்சி நில வழக்கில் தண்டனை.

2001: தண்டனை காரணமாக அவருடைய வேட்பு மனுக்கள் தள்ளுபடி. ஆனாலும் கூட்டணிக்கு 196 இடம். எம்.எல்.ஏ.வாகவே இல்லாமல் முதல்வர் ஆகிறார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதவி செல்லாது என்கிறது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் விடுதலை செய்கிறது. 2002-ல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து மறுபடி முதல்வர்.

2004: நாடாளுமன்றத் தேர்தலில் 39-ல் பூஜ்யம்.

2011: மறுபடி ஆட்சி. 2014 மே மாதம் பெரிய கூட்டணி எதுவும் இல்லாமல் 39-ல் 37.

2014 செப்டம்பர் 27: சொத்துக் குவிப்பு வழக்கில் 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். பதவி போகிறது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்கிறது. ஜூனில் ஆர்.கே. நகரில் ஒன்றரை லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி.

2016: 1984-க்குப் பிறகு முதல் முறையாக, ஆட்சியில் இருந்த கட்சியே மறுபடி ஜெயிக்கிறது. டிசம்பர் 5 அவர் மறைகிறார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொத்து வழக்கில் விடுதலையை ரத்து செய்கிறது. அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போகிறது. மற்ற மூவரும் ஜெயிலுக்குப் போகிறார்கள்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். இது ஏமாந்த ஜனங்களின் பட்டியல் மாதிரியா தெரியுது? ஏத்தி விடுறாங்க, இறக்கி விடுறாங்க, மறுபடி ஏத்துறாங்க. ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஊழல் என்கிற எண்ணுக்கு நாம் நினைக்கிற மார்க் இல்லை, அவ்வளவுதான். (கூட்டணிக் கணக்கும் இதில் உண்டு. 1998-லும் 2004-லும் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் கூட்டணி மட்டுமே காரணம் என்றால் 2014-ஐ விளக்க முடியாது.)

ஊழல் ஏன் கணக்கில் வரவில்லை?

ஒரு பரீட்சையில் எல்லோருக்கும் ஒரே கேள்வியில் பூஜ்யம் என்றால், அந்தக் கேள்வியை வைத்து ரேங்க் போட முடியுமா? முடியாது. வேறு கேள்விகளில் யார் என்ன மார்க் என்றுதான் பார்ப்போம்.

ஊழல் அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு பக்கம் டான்சி என்றால் இன்னொரு பக்கம் சர்க்காரியா கமிஷன். 2011 தேர்தல் நேரத்தில் 2ஜி. அந்த வழக்கில் 2017 டிசம்பரில் எல்லோருமே விடுதலை ஆனார்கள் என்பது வேறு கதை, ஆனால் 2011-ல் க்யூவில் நின்றவருக்கு அது தெரியாதே! "எல்லாரும்தான் திங்கிறாங்க" என்கிற ஒரு வரி முடிவுக்கு ஜனங்கள் வந்துவிட்டால், அதற்கப்புறம் வரும் எந்தப் புது ஊழல் செய்தியும் அந்த வரியை இன்னும் உறுதிப்படுத்துமே தவிர யாரையும் தோற்கடிக்காது.

மிலன் வைஷ்ணவ் என்ற ஆய்வாளர் இந்திய வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை எல்லாம் சேர்த்து 2017-ல் ஒரு புத்தகம் போட்டார். 2004, 2009, 2014 நாடாளுமன்றத் தேர்தல்களில், கிரிமினல் வழக்கு இருந்த வேட்பாளர்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். வழக்கு இல்லாதவர்களுக்கு 6 சதவீதம்தான். அவர் சொல்வதன் சாரம் இது: ஜனங்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. சர்க்காரே தன் வேலையை ஒழுங்காகச் செய்யாத இடத்தில், "இந்த ஆள் நமக்காக வரம்பு மீறவும் தயங்க மாட்டான்" என்பதே அந்த ஆளுக்கு ஒரு தகுதி ஆகிவிடுகிறது.

இதற்கு ஆய்வுக் கட்டுரை கூட வேண்டாம். நம்மில் எத்தனை பேர் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அலைந்திருக்கிறோம்? வி.ஏ.ஓ. இன்னிக்கு லீவு, ஆர்.ஐ. ஃபீல்டுக்குப் போயிருக்காரு, தாசில்தார் மீட்டிங்ல இருக்காரு. கவுன்சிலிங் தேதி நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும். அது நம் உரிமை. ஆனால் உரிமை என்று சொன்னால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. மேலிருந்து ஒரு போன் வந்தால் மட்டும் பத்து நிமிஷத்தில் கையெழுத்து.

அந்த ஆபீஸ் வாசலில் நின்ற ஒரு அம்மாவோ அப்பாவோ என்ன பாடம் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்? "இங்க சட்டம் வேலை செய்யாது. பயம் வேலை செய்யும்." அப்படியானால் அடுத்த தேர்தலில் அவர்கள் கேட்கப்போகிற கேள்வி, "யார் யோக்கியன்?" என்பதா? "யாரைப் பார்த்தா இவனுங்க பயப்படுவானுங்க?" என்பதுதான்.

எங்கள் பாட்டி ஜெயலலிதாவுக்கு ஓட்டுப் போட்டவர். சொத்துக் குவிப்பு பற்றிக் கேட்டால், "அது சேர்த்திருக்கும்தான்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார். உடனே அடுத்த வரி: "ஆனா மந்திரி எல்லாம் நடுங்குவானுங்க பாரு!" இந்த இரண்டு வரிக்கும் நடுவில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியாது. பெரிய பெரிய மந்திரிகள் ஹெலிகாப்டரைப் பார்த்து இடுப்பு வளைந்து கும்பிட்டதை நாம் கேவலம் என்று சிரித்தோம். காலம் முழுக்க எல்லா ஆபீஸிலும் ஆம்பளைங்க முன்னால் கை கட்டி நின்ற ஒரு பொம்பளைக்கு அதே காட்சி வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியதும், அதே வருஷம் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அந்தக் காட்சியோடு சேர்ந்துதான் அவர்கள் மனசில் பதிந்தது. "நம்ம பக்கம் நிக்கிற பயங்கரமான ஆளு."

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கே சில நேரம் உரம் ஆகிவிடுகிறது. கைது செய்தால் "பழி வாங்குறாங்க", விடுதலை ஆனால் "பாத்தியா, ஒண்ணும் இல்ல". 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதியைக் கைது செய்த காட்சியைப் பார்த்தபோது ஜெ. ஆதரவாளர்களுக்கே சங்கடமாக இருந்தது. 1996-ல் ஜெ. கைதானபோது இதே மாதிரி எதிர்ப்பக்கம். ஆட்சி மாறினால் வழக்கு மாறும் என்றால், வழக்கைச் சட்டத்தின் வேலையாக யார் பார்ப்பார்கள்? அது கட்சிச் சண்டையின் இன்னொரு ரவுண்டு ஆகிவிடுகிறது.

ஆனா இரும்புக் கைக்கும் அடி விழுந்திருக்கு

இங்கேதான் "ஜனங்களுக்குச் சர்வாதிகாரிதான் பிடிக்கும்" கோஷ்டியோடு நான் சண்டை போடுகிறேன்.

2003 ஜூலையில் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். ஒரே மூச்சில் சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் செய்தார் ஜெயலலிதா. முதலில் பலருக்கு அது ஜாலியாகத்தான் இருந்தது. "லஞ்சம் வாங்குறவனுங்களுக்கு நல்லா வேணும்!" உச்ச நீதிமன்றமே ஆகஸ்டில் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. இரும்புக் கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

2004 மே: பூஜ்யம்.

ரிசல்ட் வந்த கையோடு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளை விலக்கிக்கொண்டார். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கைவிட்டார்.  ஓட்டு விழாவிட்டால் இரும்பும் வளையும் என்பதற்கு இது ஒன்று போதும்.

ஏன் அந்தத் தோல்வி? எனக்குத் தோன்றுவது: 1.7 லட்சம் பேர் என்றால் 1.7 லட்சம் குடும்பம். அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், அவர்களை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர்கள், அவர்களிடம் படித்த பிள்ளைகள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அந்த அடி விழுந்தது. கை மற்றவன் கன்னத்தில் விழும்போது கைதட்டலாம். பக்கத்து வீட்டில் விழும் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. ஆக, நம் ஜனங்களுக்குக் கண்டிப்பு பிடிக்கிறது என்பது அரை உண்மை. தன் பக்கம் நிற்கும் கண்டிப்புதான் பிடிக்கிறது.

யார் பிடிச்சது, யாருக்குப் பேர்?

கண்டிப்பான தலைவர் என்ற இமேஜுக்கு இன்னொரு பலமும் உண்டு. பொறுமையாக வேலை செய்கிறவர்களின் பலனை எல்லாம் அது தன் பேரில் எழுதிக்கொள்ளும்.

இதற்கு பெரு நாட்டுக் கதை அருமையான உதாரணம். 1990-ல் அங்கே அல்பெர்டோ ஃபுஜிமோரி ஜனாதிபதி ஆனபோது விலைவாசி ஆயிரக்கணக்கான சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக் குழு ஊர் ஊராகக் கொலை செய்துகொண்டிருந்தது. 1992 ஏப்ரல் 5 அன்று டாங்கிகளைத் தெருவில் நிறுத்தி நாடாளுமன்றத்தைக் கலைத்தார் ஃபுஜிமோரி. கருத்துக் கணிப்புகளில் ஜனங்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள். அந்த செப்டம்பரிலேயே குழுவின் தலைவர் அபிமாயேல் குஸ்மான் லிமா நகரில் பிடிபட்டார். "பாத்தீங்களா, டாங்கி வந்தாத்தான் வேலை நடக்கும்!" 1995 தேர்தலில் முதல் சுற்றிலேயே ஃபுஜிமோரி அபார வெற்றி.

ஆனால் குஸ்மானைப் பிடித்தது டாங்கி இல்லை. ஒரு சின்ன போலீஸ் உளவுப் பிரிவு. அது ஃபுஜிமோரி பதவிக்கு வருவதற்கு முன்பே, 1990 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு நடனப் பள்ளி இயங்கிய வீட்டைச் சந்தேகப்பட்டு, அங்கிருந்து வெளியே வந்த குப்பையைக் கிளறிப் பார்த்தார்கள். குஸ்மானுக்கு இருந்த தோல் வியாதிக்கான மருந்து ட்யூப், அவர் பிடிக்கும் பிராண்ட் சிகரெட் துண்டு. அவ்வளவுதான், ஆள் உள்ளே இருப்பது உறுதியாகிவிட்டது. ஒரு உயிர் கூடப் போகாமல் அவரைப் பிடித்தார்கள். குப்பை கிளறியவர்களின் பெயரைச் சொல்லி யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

பிறகு 2000 செப்டம்பரில், ஃபுஜிமோரியின் வலது கையாக இருந்த உளவுத் துறை மனிதர் ஒரு எதிர்க்கட்சி எம்.பி.க்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கும் வீடியோ டிவியில் வந்தது. நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானில் இருந்துகொண்டு ராஜினாமாக் கடிதத்தை ஃபேக்ஸ் பண்ணினார். 2009-ல் மனித உரிமை மீறல்களுக்காக 25 ஆண்டு சிறை. இவ்வளவுக்கும் பிறகு, அவர் மகள் கெய்கோ 2011, 2016, 2021 மூன்று ஜனாதிபதித் தேர்தலிலும் இறுதிச் சுற்று வரை வந்தார். கடைசி இரண்டிலும் தோற்றது 50,000-க்கும் குறைவான ஓட்டில்தான். பயந்த காலத்தில் காப்பாற்றியவர் என்ற நினைவு அவ்வளவு சீக்கிரம் அழியாது.

நம்ம ஊர் வீரப்பன் கதையும் கிட்டத்தட்ட இதே சாயல்தான். 2000-ல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் இரண்டு மாநில அரசுகளையும் ஆட்டி வைத்தான். 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அதிரடிப்படையின் ஆட்கள் அவன் கூட்டத்துக்குள் ஊடுருவி, பொறுமையாகக் காத்திருந்து, ஆம்புலன்ஸ் வேனில் ஏற்றிக் கொண்டுவந்த கதை. மேலிருந்து உறுதியாக ஆதரவு கொடுத்தது ஜெயலலிதாவின் பங்கு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் மனசில் பதிந்தது "அந்தம்மா இருந்ததால முடிஞ்சது" என்ற ஒரு வரிதான்.

பில் யார் கட்டுறாங்க?

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் தீர்ப்பு வந்த அன்று, தர்மபுரி அருகே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து போனார்கள். நம்ம வயசு. படிப்புக்காக ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். தீ வைத்தவர்கள் அதிமுககாரர்கள் என்று கோர்ட்டில் நிரூபணம் ஆனது. மூன்று பேருக்குத் தூக்கு, பிறகு ஆயுளாகக் குறைந்து, 2018-ல் அதிமுக ஆட்சியிலேயே விடுதலை ஆனார்கள்.

பஸ் எரிந்த பதினைந்தாவது மாதம் தேர்தல். 196 இடம்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. ஓட்டுப் போட்ட யாரும் அந்தத் தீயை ஆதரித்துப் போடவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் "தலைவர் மனம் நோகக்கூடாது, அவருக்காக எதையும் செய்யலாம்" என்ற பயபக்தி இல்லாமல் அந்தத் தீ பற்றியிருக்காது. தாசில்தாரை நாற்காலியில் இருந்து எழுப்புகிற அதே பயம்தான், தொண்டனின் கையில் பெட்ரோல் கேனையும் கொடுக்கிறது. ஒன்று மட்டும் போதும், மற்றது வேண்டாம் என்று நாம் தனியாக ஆர்டர் பண்ண முடியாது.

இன்னொரு விலையும் உண்டு. எல்லோரும் பயந்தால், யாரும் கெட்ட செய்தியை மேலே சொல்ல மாட்டார்கள். உத்தரவு வராமல் யாரும் அசைய மாட்டார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியின் தண்ணீரைத் திறந்துவிட்டதில் நிர்வாகத் தவறு நடந்ததாக 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கை சொன்னது. மேலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருந்தார்களா என்று அப்போதே ஊரெல்லாம் கேட்டார்கள். சந்தேகம் வந்ததே கதையைச் சொல்கிறது. நன்றாக ஓடும் ஒரு நிர்வாகத்தைப் பற்றி யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

அப்ப கண்டிப்பே வேண்டாமா?

வேணும். தாராளமா வேணும். ஆனால் டி.என். சேஷனை நினைத்துப் பாருங்கள். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையர். கட்சிக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே அலறினார்கள். அவர் புதுசாகச் சட்டம் எதுவும் கொண்டு வரவில்லை, புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த விதிகளைத் தட்டி எழுப்பினார். வேடிக்கை என்னவென்றால், அவரே தேர்தலில் நின்றபோது ஜெயிக்கவில்லை. 1997-ல் ஜனாதிபதித் தேர்தலில் தோல்வி, 1999-ல் காந்திநகரில் அத்வானியிடம் தோல்வி. ஆனால் அவர் போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் தேர்தல் தேதி அறிவித்த நிமிஷத்தில் சுவர் விளம்பரங்களை அழிக்கிறார்கள், தலைவர் சிலைகளைத் துணி போட்டு மூடுகிறார்கள். ஆள் போனாலும் விதி நின்றது. (ஆணையம் முன்ன மாதிரி இல்லை என்று நீங்கள் சண்டைக்கு வருவது தெரிகிறது. அது தனிக் கட்டுரை!)

ஜெயலலிதாவிடமே இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் காப்பாற்ற அவர் அரசு சட்டம் போட்டு, 1994-ல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வைத்தது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. மகளிர் காவல் நிலையங்கள். இவை எல்லாம் சட்டமாகவும் அமைப்பாகவும் மாறின, ஆட்சி மாறியும் தொடர்ந்தன. அவர் முகத்தைப் பார்த்து வந்த பயமோ? 2016 டிசம்பரில் அவர் போனார், 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் ரிசார்ட்டில் இருந்தார்கள். இரண்டே மாதம்!

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005-ல் வந்தது. காரணம் இல்லாமல் தகவல் தராமல் இழுத்தடிக்கும் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. அது ஒழுங்காக அமலாகிறதா என்பது வேறு சண்டை. ஆனால் அதுவும் ஒரு பயம்தான். யார் முதல்வர் என்று பார்த்து வராத பயம். போன் பண்ண ஆள் இல்லாத கிழவிக்கும் வேலை செய்யக்கூடிய பயம்.

ஆகவே எங்கள் பாட்டியிடம் போய் "ஊழல்வாதிக்கா ஓட்டுப் போட்டே?" என்று நான் உபதேசம் பண்ணப்போவதில்லை. அவர் கணக்கு அவர் வாழ்ந்த ஆபீஸ் வாசல்களில் போட்ட கணக்கு. அந்த வாசல் மாறாத வரைக்கும், நாம் எத்தனை ஊழல் பட்டியல் போட்டாலும் அது எடுபடாது. பாட்டி தப்பாக ஓட்டுப் போட்டார் என்று சொல்வது சுலபம். முதல் பட்டதாரி சான்றிதழ் எந்த சிபாரிசும் இல்லாமல் கைக்கு வருகிற மாதிரி ஒரு ஊரை உண்டாக்குவது கஷ்டம். ஆனால் இரும்புக் கை மேல் உள்ள மோகம் அங்கேதான் குறையும்.

ஓட்டு வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆன நம்ம செட்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது "நான் வந்தா சாட்டையைச் சுழற்றுவேன்"னு மேடையில் முழங்கினால், உடனே விசில் அடிக்க வேண்டாம், உடனே திட்டவும் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "சரிங்கய்யா, நீங்க வீட்டுக்குப் போன மறுநாளும் இந்த வேலை நடக்குமா?"

பதில் சொல்லத் தெரிந்த ஆள் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். ஓட்டு ரெடியா இருக்கு.